துணையாசிரியர் மேசை: தமிழ்ப் பத்திரிகையாளர் பயின்ற பள்ளிக்கூடம்

2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் தலைவராயிருந்த நீதியரசர் மார்க்கண்டேய கட்ஜு ஒரு குழுவை அமைத்தார். பத்திரிகையாளராக விரும்புவோர்க்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி ஒன்றை வரையறுக்கலாமா, வரையறுப்பதாயின் அது எதுவாக இருத்தல் வேண்டும் என்று ஆராய்வது அக்குழுவின் பணி. வழக்கறிஞர்க்குச் சட்டப் பட்டம் வேண்டியிருக்கிறது, மருத்துவர்க்கு மருத்துவப் பட்டம் வேண்டியிருக்கிறது, மக்களின் எண்ணத்தையே உருவாக்கும் பத்திரிகையாளர்க்கு மட்டும் எதுவும் வேண்டாமா என்பது அவர் வாதம். (2004, 2005 ஆண்டுகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் என்பதால் அவர் பெயர் நம்மவர்க்குப் புதிதன்று.) அதே ஆண்டு ஆகஸ்டில் அன்றைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் மணீஷ் திவாரி, வழக்கறிஞர்க்கு இருப்பது போன்ற பொதுத் தேர்வும் உரிமமும் பத்திரிகையாளர்க்கும் இருக்கலாமே என்று பேசினார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சட்டம் எதுவும் வரவில்லை. பேச்சும் மெல்ல அடங்கிவிட்டது.

அப்போது தமிழ்ச் சூழலில் எழுந்த மறுமொழி ஒன்றேதான். பாரதி எந்தப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார்? திரு.வி.க.விடம் என்ன பட்டம் இருந்தது? கல்கி எந்தத் தேர்வில் தேறினார்? இவ்வினாக்களை நாமும் ஒரு கருத்தரங்க மேடையில் கேட்டிருக்கிறோம். கைதட்டல் நன்றாகவே கிடைத்தது. வீடு திரும்பிய பின்னர்தான் ஓர் உறுத்தல் தோன்றியது. அவர்களிடம் பட்டம் இல்லை என்பது உண்மை. பயிற்சியும் இல்லை என்று பொருள்படும்படி நாம் பேசிவிட்டோமே! பயிற்சி இருந்தது, அதுவும் மிகக் கடுமையான பயிற்சி. அது எங்கே நடந்தது, எவ்வாறு நடந்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை இதழியல் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை. இதழ்களின் பெயரும் தொடங்கிய ஆண்டும் நின்ற ஆண்டும் நமக்குப் பட்டியலாகக் கிடைக்கின்றன. அவ்விதழ்களின் மேசைகளில் அமர்ந்து ஓர் இளைஞன் எதை எப்படிக் கற்றுக்கொண்டான் என்பது அவரவர் தன்வரலாறுகளிலும் நண்பர் நினைவுகளிலும் சிதறிக் கிடக்கிறது.

தொடக்கத்தில் கற்பிப்பாரும் இல்லை, கற்குமிடமும் இல்லை. 1878 செப்டம்பர் 20 அன்று சென்னையில் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது படிகள் அச்சிட்டு 'தி ஹிந்து' வார இதழைத் தொடங்கிய கதையை நாம் அறிவோம். அவர்களுள் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இழித்துரைத்தன. அதற்கு விடை சொல்ல ஓர் இதழ் வேண்டியிருந்தது. தொழில் தெரிந்த பின் தொடங்கியவர்கள் அல்லர் அவர்கள். தொடங்கிவிட்டுத் தொழில் கற்றார்கள். அவருள் ஒருவராகிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1898இல் ஹிந்துவை விட்டு விலகி, 1899 முதல் மித்திரனை நாளிதழாக்கினார். தமிழில் நாளிதழ்த் தொழில் இன்னதென்று வகுத்த பெருமை அவரைச் சாரும். பள்ளியாசிரியராக வாழ்வைத் தொடங்கிய ஒருவர் கையில் அது வகுக்கப்பட்டது என்பது நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. (நாமும் ஆசிரியத் தொழில் செய்கிறவராதலால் இச்சிறு பெருமிதத்தை வாசகர் பொறுத்தருள வேண்டும்.)

1904ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்கலாம். அவ்வாண்டில் அமெரிக்காவில், பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் இதழியலுக்கென ஒரு கல்லூரி ஏன் வேண்டும் என்று நீண்ட கட்டுரை ஒன்றை எழுதி வெளியிட்டார். பத்திரிகையாளன் பிறப்பிலேயே அமைகிறான், அவனை உருவாக்க முடியாது என்று சொன்னவர்களுக்கு அவர் அளித்த விடை அது. அவர் கொடையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி திறக்கப்பட்டது 1912இல். அதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார். அதே 1904இன் நவம்பரில், மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த இருபத்தொரு வயது இளைஞர் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்தார். காசியில் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறியவர். அதற்கு மேல் படிப்பில்லை. புலிட்சர் எழுதிக்கொண்டிருந்த கல்லூரி இங்கே ஒரு மேசையாகவும் ஓர் ஆசிரியராகவும் சுப்பிரமணிய பாரதிக்குக் கிடைத்தது.

அம்மேசையில் நடந்த பாடம் என்ன? மொழிபெயர்ப்பு. தந்தி வழியாக வரும் செய்திகள் அனைத்தும் ஆங்கிலம். தலைவர்களின் சொற்பொழிவுகள் ஆங்கிலம். அரசின் அறிக்கைகள் ஆங்கிலம். ஆங்கில நாளிதழில் துணையாசிரியராக இருப்பவர் வந்த செய்தியைச் சுருக்கி, பிழை நீக்கி, தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பினால் போதும். தமிழ் நாளிதழில் அவர் ஒவ்வொரு வரியையும் புதிதாக எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அது என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காததை ஆங்கிலத்தில் வெட்டி ஒட்டி ஒப்பேற்றிவிடலாம். தமிழில் எழுத உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வரவு செலவுத் திட்டம் என்றால் என்ன, மேலவை எது, எந்த நாட்டின் துறைமுகத்தை எந்த நாட்டின் கப்பல் முற்றுகையிட்டிருக்கிறது என்பதெல்லாம் அன்றன்றைக்குப் படித்தறிய வேண்டியவை. இதைவிடச் செறிவான பாடத்திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்ததாக நமக்குத் தெரியவில்லை. அதுவும் விடுமுறை இல்லாமல், நாள்தோறும் தேர்வு வைத்து, விடைத்தாளை மறுநாள் ஊரார் அனைவரும் படிக்கும்படி.

'மெம்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடித் தாம் பட்ட பாட்டைப் பாரதியே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்கிறார். ஒன்று சரியான சொல்லாக இல்லை. ஒன்று ஒட்டவில்லை. ஒன்று பொருத்தமான சொல்தான், ஆயினும் பொதுமக்களுக்கு விளங்காது. முடிவில் மெம்பர் என்றே விட்டுவிடுகிறார். இன்று 'உறுப்பினர்' என்று ஒரு நொடியில் எழுதிவிட்டுப் போகிறோம். அந்த ஒரு நொடிக்குப் பின்னால் எத்தனை துணையாசிரியர்களின் அரைமணி நேரங்கள் கிடக்கின்றன என்பதை நாம் எண்ணுவதில்லை. பொதுமக்களுக்கு விளங்குமா என்று கேட்டு, நல்லதொரு சொல்லையும் தள்ளிவைக்கும் மனப்பான்மை மேசையில்தான் உருவாகிறது. புலவராக மட்டும் இருந்திருந்தால் பாரதி அச்சொல்லையே தேர்ந்திருக்கவும் கூடும். பாரதியின் உரைநடை எங்கிருந்து வந்தது என்று ஆராய்வோர் வடமொழிப் பயிற்சியையும் ஆங்கிலக் கவிஞர்களையும் சுட்டுவர். மித்திரனின் தந்தித் தாள்களையும் சேர்த்துச் சுட்ட வேண்டும் என்பது நம் கருத்து.

மேசைக்கு எல்லையும் இருந்தது. மித்திரனில் தம் அரசியலை வெளிப்படையாக எழுதப் பாரதிக்கு இடமில்லை. சுப்பிரமணிய ஐயர் கண்டிப்பானவர். பத்திரிகையின் நாவாகத் தாமே இருந்தார். 1905இல் 'சக்ரவர்த்தினி' என்னும் மாதர் மாத இதழின் ஆசிரியப் பொறுப்பும், 1906இல் 'இந்தியா' வார இதழும் பாரதிக்கு வாய்த்தன. அங்குதான் அவர் தலையங்கம் எழுதலானார். கற்றுக்கொடுத்த மேசையை விட்டு எழுந்தால்தான் கற்றதைப் பயன்படுத்த முடியும் என்னும் நிலை பின்வந்த பலருக்கும் நேர்ந்தது.

திரு.வி.க.வின் கதை வேறு வகைப்பட்டது. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் பயின்றவர். அருட்பா மருட்பா வழக்கில் தம் ஆசிரியர் பொருட்டு நீதிமன்றம் சென்று, அதனால் பள்ளித் தேர்வை இழந்தவர். வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த அவர் 1917 டிசம்பரில் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். அதுவரை ஆங்கிலமும் வடமொழியும் மிக்கிருந்த செய்தி நடையைத் தமிழாக்கும் முயற்சியில் இறங்கினார். மேடையில் பேசுவது போலவே எழுதினார். எழுதுவது போலவே பேசினார் என்றும் சொல்வர். 1920இல் 'நவசக்தி'யைத் தொடங்கினார். அங்கே 1923இல் துணையாசிரியராக வந்து சேர்ந்த இளைஞர் ரா. கிருஷ்ணமூர்த்தி. ஒத்துழையாமை இயக்கத்தின்போது பள்ளி இறுதித் தேர்வுக்கு முன்பே படிப்பைத் துறந்து சிறை சென்றவர். இங்கே ஓர் ஆசிரியர் பள்ளித் தேர்வை இழந்தவர். அவரிடம் பயில வந்தவரும் பள்ளித் தேர்வைத் துறந்தவர். அவ்விருவரும் அமர்ந்த அலுவலகத்தில் உருவான கிருஷ்ணமூர்த்தியே பின்னர் 'ஆனந்த விகடன்' ஆசிரியராகவும், 1941இல் தம் பெயரிலேயே இதழ் கண்ட 'கல்கி'யாகவும் விளங்கினார். திரு.வி.க.வின் நடையை அவர் பின்பற்றவில்லை என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். ஒருவரிடம் ஐந்தாண்டு இருந்து, அவர் நடை தமக்கு ஒவ்வாது என்று அறிந்துகொள்வதும் பயிற்சியின் பயனே. 

கல்கி தம் அலுவலகத்தில் யாரைச் சேர்த்துக்கொண்டார் என்பதைப் பார்த்தால் இம்மரபு இன்னொரு படி இறங்குவதைக் காணலாம். விந்தன் என்று நாம் அறியும் கோவிந்தன் அச்சுக்கோப்பவர். அன்றைய அச்சகங்களில் அச்சுக்கோப்பவர் ஒருவர் நாள் முழுவதும் நின்றுகொண்டு, எழுத்துப் பெட்டியின் சிற்றறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். தமிழுக்கு உயிர்மெய்யும் கொம்பும் காலும் சேர்ந்து அறைகள் மிகுதி. பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாக, அதுவும் இடவல மாற்றமாகப் படிக்கும் வாழ்க்கை. ஆனந்த விகடன் அச்சகத்தில் அப்படி எழுத்துக் கோத்தவர் கதை எழுதத் தொடங்கி, கல்கி இதழின் துணையாசிரியரானார். அவருடைய 'முல்லைக் கொடியாள்' தொகுதி 1946இல் பரிசும் பெற்றது. ஜெயகாந்தன் பொதுவுடைமைக் கட்சியின் ஜனசக்தி அச்சகத்தில் பணிபுரிந்ததும் இங்கே நினைக்கத் தக்கது. அச்சகத்தின் பின்கட்டிலிருந்து ஆசிரியர் அறைக்கு ஒரு வாசல் இருந்தது. ஒடுக்கமான வாசல்தான், ஆயினும் இருந்தது.

இதே முப்பதுகளில் 'தினமணி' 1934இல் டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக்கொண்டு தொடங்கியது. புதுமைப்பித்தன் அங்கே துணையாசிரியராக இருந்து, 1943இல் சொக்கலிங்கம் வெளியேறியபோது உடன் வெளியேறினார். அவர் பி.ஏ. பட்டதாரி. அப்பட்டத்தால் அவருக்குச் செய்தித்தாளில் தனி மதிப்பு எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. பிற துணையாசிரியர்களைப் போலவே அவரும் தந்திச் செய்தியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் கந்தசாமிப் பிள்ளை ஒரு பத்திரிகையாளர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் அவர், எதிரில் நிற்பவர் கடவுள் என்று அறிந்தும் ஆயுள் சந்தா கேட்கிறார். கடவுளோ அது யாருடைய ஆயுளைக் கணக்கில்கொண்டது என்று திருப்பிக் கேட்கிறார். தமிழ்ப் பத்திரிகைத் தொழிலின் நிலையாமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. கடலுக்கு அப்பாலும் இம்மேசை நகர்ந்தது. 1930இல் தொடங்கிய கொழும்பு 'வீரகேசரி'க்கு வ.ரா. ஆசிரியராகச் சென்றிருந்தார். பிற்காலத்தில் இலங்கையின் 'தினகரன்' ஆசிரியராக இருந்த க. கைலாசபதி, பல்கலைக்கழகப் படிப்பை முடித்துச் செய்தித்தாளுக்கு வந்து, மீண்டும் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராகச் சென்றவர். இலக்கிய விமர்சகராக அவரை ஏற்போரும் மறுப்போரும் அவருடைய நாளிதழ் வாழ்வைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதுவரை சொன்னவற்றில் எங்கும் எழுதப்பட்ட பாடநூல் இல்லை. அந்த வகையில் சி.பா. ஆதித்தனாரின் 'இதழாளர் கையேடு' தனித்து நிற்பது. இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1942இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கியவர் அவர். மக்கள் பேசும் தமிழில், கொச்சை நீக்கி, சிறு சிறு வாக்கியங்களாக எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. கற்றோர் அதை நெடுங்காலம் எள்ளினர். எம்மைப் போன்ற தமிழ்த் துறையினர் சற்று அதிகமாகவே எள்ளினர். ஒரு துணையாசிரியர் இன்னொருவர் காதில் சொல்லிவந்த தொழில் நுணுக்கத்தை அச்சில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் படித்துப் பின்பற்றலாம் என்று வைத்தவர் அவர் என்ற கோணத்தில் பார்த்தால் எள்ளல் அடங்கிவிடும். தேநீர்க் கடை வாசகனை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பத்திரிகைக்குக் கிராமத்து இளைஞன் நிருபராக வர முடிந்தது. ஊரில் பத்திரிகை முகவராக இருப்பவரே நிருபராகவும் இருப்பார். வெளியான செய்தியின் நீளத்தை அளந்து காசு வரும். அதுவும் ஒரு பள்ளிக்கூடம்தான் என்றாலும் நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. திருத்துவார் இல்லாமல், அனுப்பியது வந்ததா வரவில்லையா என்பதை மட்டுமே மதிப்பெண்ணாகக் கொண்டு கற்றவர்கள் அவர்கள். வெட்டப்பட்டது ஏன் வெட்டப்பட்டது என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

அரசு இதையெல்லாம் எப்படிப் பார்த்தது? 1952இல் அமைக்கப்பட்ட முதலாவது பத்திரிகை ஆணையம் 1954இல் அறிக்கை தந்தது. அதை அடுத்து 1955இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. பத்திரிகையாளர் யார் என்பதை அச்சட்டம் வரையறுக்கும் முறை சுவையானது. பத்திரிகைத் தொழிலை முதன்மைத் தொழிலாகக்கொண்டு செய்தி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர் என்று சொல்லி, ஆசிரியர், தலையங்கம் எழுதுவோர், துணையாசிரியர், நிருபர், கேலிச்சித்திரக்காரர், புகைப்படக்காரர் என்று அடுக்கிக்கொண்டே போய், மெய்ப்புத் திருத்துவோரையும் அப்பட்டியலில் சேர்க்கிறது. கல்வித் தகுதியைப் பற்றி ஒரு சொல்கூட அவ்வரையறையில் இல்லை. அச்சட்டம் 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றனுள் கரைக்கப்பட்டது. மெய்ப்புத் திருத்துபவரும் பத்திரிகையாளரே என்று நாடாளுமன்றம் எழுதிவைத்ததைத் தமிழ் இதழியல் வரலாறு ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கும்.

இனி இம்மரபின் இருண்ட பக்கத்துக்கு வர வேண்டும். கருத்தரங்க மேடையில் நாம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஒருவர் கையில் ஒருவர் பயிலும் முறையில் யார் கைக்கு யார் வந்து சேர்வது? அறிந்தவர் மகன், உறவினர், ஒரே அக்கிரகாரத்தார், ஒரே ஊரார், ஒரே கட்சியினர். சுப்பிரமணிய ஐயர் ஒரு பள்ளியாசிரியரிடம் திறமையைக் கண்டு சென்னைக்கு வரவழைக்க முடிந்தது என்றால், இருவரும் பழகும் வட்டங்கள் எங்கோ ஒன்றையொன்று தொட்டன என்பதே காரணம். அவ்வட்டங்கள் தொடாத இடத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? தாமே பத்திரிகை தொடங்கினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. பண்டிதர் சித்த மருத்துவர். எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் துணையாசிரியராக இருந்தவர் அல்லர். அதே ஆண்டுகளில் அதே நகரில் பாரதியின் எழுத்துகளும் வெளிவந்துகொண்டிருந்தன. மித்திரன் அலுவலகத்தின் மேசை ஒன்றில் பண்டிதரின் மாணாக்கர் ஒருவர் அமர்ந்து தந்திச் செய்தியைத் தமிழாக்கியிருக்கக் கூடுமா என்று கேட்டுப் பார்த்தால் நம் மரபின் எல்லை புலப்படும். 

பெண்களுக்கும் இதே நிலை. வை.மு. கோதைநாயகி பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். திருமணத்துக்குப் பின்னர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். முதல் படைப்பைத் தாம் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை வாங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். பட்டமில்லாத பத்திரிகையாளர்க்கு எடுத்துக்காட்டாக இவரைக் காட்டுவோர், இவருக்குத் துணையாசிரியர் நாற்காலி எங்கும் கிடைத்திராது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். உரிமையாளராகவே வந்தால்தான் ஆசிரியராகலாம் என்பது எளிய நுழைவுத் தகுதி அன்று. 

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1996 நவம்பரில் பி.என். உனியால் என்னும் மூத்த பத்திரிகையாளர் 'பயனியர்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தில்லியிலிருந்த அமெரிக்க நிருபர் ஒருவர், தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், யாரையேனும் சொல்லுங்கள் என்று அவரைக் கேட்டிருக்கிறார். உனியால் தம் முப்பதாண்டு அனுபவத்தைத் துழாவிப் பார்த்தார். அரசின் அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர் பட்டியலையும் எடுத்துத் தேடினார். ஒருவரும் அகப்படவில்லை. அதுவரை தமக்கு அக்கேள்வியே தோன்றவில்லை என்பதுதான் அவரை மிகவும் உறுத்தியது. கற்பிக்கும் மேசைக்கு வழி யாருக்கும் எழுதிவைக்கப்படாதபோது, வழி தெரிந்தவர்களே போய்ச் சேர்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் வகுப்பறை வருகிறது. இந்தியாவில் இதழியலைப் பாடமாக்கும் முதல் முயற்சி நடந்த இடம் சென்னை அடையாறு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அன்னி பெசன்ட் அம்மையார் 1920இல் தம் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பைத் தொடங்கினார். மாணவர்க்குச் செய்முறைப் பயிற்சி அவருடைய 'நியூ இந்தியா' நாளிதழ் அலுவலகத்தில். பாடமும் மேசையும் ஒரே கூரையின் கீழ் அமைந்த நல்ல ஏற்பாடு, நீடிக்கவில்லை. 1938இல் அலிகரிலும் 1941இல் லாகூரிலும் முயற்சிகள் நடந்தன. லாகூர்த் துறை பிரிவினைக்குப் பின் இடம்பெயர்ந்து வந்த கதை தனியே எழுதத் தக்கது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் இதழியல் படிப்பைத் தொடங்கியது. 1951இல் மைசூர் மகாராஜா கல்லூரி அதை இளங்கலைப் பாடமாக்கியது. 1965இல் தில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் வந்தது. 1994இல் பெங்களூரில் தொடங்கிய ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் 2000இல் சென்னைக்கு வந்தது. இவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் கற்பிப்பவை. ஆங்கிலச் செய்தி அலுவலகங்களுக்கு ஆள் தந்தவை. 2025இல் தமிழக அரசு சென்னையில் தொடங்கிய இதழியல் நிறுவனம் தமிழிலும் கற்பிக்க முன்வந்திருக்கிறது. அடையாற்று முயற்சியிலிருந்து கணக்கிட்டால் நூற்றைந்து ஆண்டுகள்.

இடைக்காலத்தில் தமிழுக்கென நடந்தவற்றுள் ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தை நாம் உயர்வாக மதிக்கிறோம். 1980களில் எஸ். பாலசுப்ரமணியன் காலத்தில், 'ஜூனியர் விகடன்' பிறந்த சூழலில் வளர்ந்தது அது. கல்லூரியில் எந்தப் பாடம் படிப்பவராயினும் விண்ணப்பிக்கலாம். தேர்வு எழுதி, நேர்காணலில் தேறி, படித்துக்கொண்டே ஓராண்டு நிருபராகலாம். அறிந்தவர் பரிந்துரை தேவையில்லை. தபால் தலை ஒட்டத் தெரிந்தால் போதும். மேசையின் கடுமையும் வகுப்பறையின் திறந்த வாசலும் அதில் ஒன்றுசேர்ந்தன. எம் வகுப்புகளிலிருந்தும் சிலர் அவ்வாறு சென்றனர். விலங்கியல் படித்த மாணவி ஒருவர் தம் ஊர்க் குவாரியைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பேராசிரியர்கள் அறையில் நாங்கள் கையிலிருந்து கை மாற்றிப் படித்தது நினைவிருக்கிறது.

மற்றபடி எம் தமிழ்த் துறைகளில் 'இதழியல்' ஒரு தாளாக இருக்கிறது. மா.பா. குருசாமியின் 'இதழியல் கலை' கைக்கொண்டு பல தலைமுறை மாணவர் தேர்வெழுதினர். நல்ல நூல். அதை நாம் நடத்தும் முறைதான் குறையுடையது. இதழின் இலக்கணம் யாது, ஆசிரியரின் கடமைகள் யாவை, செய்தியின் கூறுகள் எத்தனை என்று நன்னூல் நடத்துவது போல் நடத்துகிறோம். மாணவர் மனப்பாடம் செய்து எழுதிவிடுகின்றனர். ஒரு செய்தியையும் எழுதாமலே இதழியலில் முதல் வகுப்பில் தேற முடிகிறது. காட்சித் தொடர்பியல் துறைகளில் கருவி இருக்கிறது, தமிழ் இல்லை. எங்களிடம் தமிழ் இருக்கிறது, செய்தி இல்லை. அலுவலகங்களிலோ கணினி வந்த பின் அச்சுக்கோப்பவர் போனார். அவரைத் தொடர்ந்து மெய்ப்புத் திருத்துபவரும் பெரும்பாலும் போனார். இளைஞன் எழுதியதை அவன் எதிரிலேயே அடித்துத் திருத்தி, அடித்த காரணத்தையும் சொல்லும் ஓர் ஆள் அந்த மேசையில் அருகிவிட்டார். பட்டம் வேண்டுமா வேண்டாமா என்று 2013இல் வாதிட்ட இரு தரப்பினரும் அந்த ஆள் எங்கே என்று கேட்டதாக நமக்கு நினைவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். அன்றைய ஆங்கில நாளிதழிலிருந்து ஓர் ஆற்று நீர்ப் பங்கீட்டு வழக்கு பற்றிய அரைப்பக்கச் செய்தியைத் தந்து, ஒரு மணி நேரத்தில் தமிழில் நூற்றைம்பது சொல்லில் எழுதச் சொன்னோம். இதழியல் தாளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தவர்கள் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டனர். எளிதில் எழுதித் தந்தவர் ஒரே ஒருவர். மாலை வேளைகளில் ஊரிலுள்ள ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் மலருக்கும் மெய்ப்புப் பார்க்கும் மாணவர் அவர். கன அடி என்பதை முதலில் கொள்ளளவாக எழுதி, பிறகு அடித்துவிட்டு, 'நொடிக்கு' என்று மேலே சேர்த்திருந்தார். அதை எப்படி அறிந்தார் என்று கேட்டோம். ஆண்டுமலர் ஒன்றில் அணையைப் பற்றி வந்த கட்டுரையில் அப்படித்தான் திருத்தினார் அச்சக உரிமையாளர் என்றார். அந்த உரிமையாளர் எட்டாம் வகுப்பு வரை படித்தவராம். 

மறுவாரம் அம்மாணவரை அழைத்து, அச்சகத்தின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அவ்வாண்டு முதல் இதழியல் தாள் எடுக்கும் மாணவர்கள் நால்வர் நால்வராக வாரத்தில் இரு மாலை அங்கே சென்று வருகின்றனர். பாடத்திட்டத்தில் அதற்கு மதிப்பெண் ஒதுக்க வழியில்லை என்று பாடத்திட்டக் குழு எழுத்தில் தெரிவித்துவிட்டது.